என் கை பட்ட பிள்ளை

“என் பேரனக் கொன்னுட்டா இந்த நர்ஸு.”

பிரசவ வார்டு வாசல்ல நின்னுகிட்டு ஒரு அம்மா நெஞ்சுல அடிச்சுகிட்டுச் சொன்ன வார்த்தை இது. சொன்னது என்னைய. போன புரட்டாசி மாசம். அன்னிக்கு வயித்துல பத்துன நெருப்பு இன்னும் முழுசா அணையல. அணைஞ்சிருச்சுன்னு சபையில நின்னு பொய் சொல்ல எனக்கு வராது. கர்த்தர் என் ஜெபத்தக் கேட்டார், அதையும் மறைக்க மாட்டேன். ரெண்டையும் சேத்துத்தான் சொல்லப்போறேன். பொறுத்துக்குங்க.

எம் பேரு ரெபேக்கா. அரியலூருக்குப் பக்கத்துல ஒரு கிராமம். எங்க அம்மாவும் அப்பாவும் அடுத்தவங்க காட்டுல பருத்தி எடுத்து, களை வெட்டி என்னைய நர்ஸுக்குப் படிக்க வச்சாங்க. பெரம்பலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேந்தேன். வருஷக்கணக்கா ஓடி ஓடி வேலை பாத்த பொறவு, பிரசவ வார்டுக்கு என்னையப் பொறுப்பா போட்டாங்க. பொறுப்பு கைக்கு வந்ததும் மொத வேலையா, வலியில கத்துற பொண்ணுங்களத் திட்டுறத நிறுத்துனேன். தொடையில அடிக்கிறது, “புருஷன்கூட இருந்தப்பத் தெரியலையா”ன்னு கேக்குறது, இதெல்லாம் என் வார்டுல ஆவாதுன்னுட்டேன். வலியில கெடக்குறவ கையப் புடிச்சுக்கணும், பேரச் சொல்லிக் கூப்புடணும். புதுசா வந்த நர்ஸுப் புள்ளைங்களுக்குப் பக்கத்துலயே நின்னு இதத்தான் கத்துக்குடுத்தேன். பெரிய சீமாட்டியா இவன்னு பின்னாடி பேசுனவங்களும் உண்டு. பேசிட்டுப் போவட்டும்.

அடுத்த சண்டை சேனை. நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். பொறந்த பிள்ளை நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைப்பாங்க. யாரு வைக்கிறாங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. அதுக்குன்னே சொந்தத்துல நல்லா இருக்குற ஆளாப் பாத்துக் கூட்டியாருவாங்க. மூச்சு விடவே இன்னும் பழகாத பிள்ளைக்குப் புரையேறிப் போச்சுன்னா என்னா பண்றது? தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு கட்டிலா நின்னு சொல்லுவேன். சில பேரு கேப்பாங்க. சில பேரு தலைய ஆட்டிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் சர்க்கரைத் தண்ணி ஊட்டுற சங்க எடுப்பாங்க.

சுகந்தின்னு ஒரு பொண்ணு. கல்யாணம் ஆயி ரொம்ப நாள் கழிச்சு மொதப் பிள்ளை. காடு கழனின்னு வசதியான குடும்பம். கூட வந்த மாமியார் என்னையப் பாத்ததும் சிஸ்டருக்கு எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்னாங்க. அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்னான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காலனிப் பக்கம்தாம்மான்னேன். மறைக்கிறதுக்கு நான் என்ன திருடிட்டா வந்தேன்? அதுக்கப்புறம் அந்தம்மா என் மொகத்தப் பாத்துப் பேசவே இல்ல.

விடிஞ்சதுலேருந்து சுகந்திக்கு வலி. பயந்து நடுங்குச்சு அந்தப் பொண்ணு. கூடவே நின்னேன். பிள்ளை என் கையிலதான் வந்து விழுந்தான். நல்ல பிள்ளை, வார்டே அதுர்ற மாதிரி அழுதான். எல்லாப் பிள்ளைக்கும் போடுற மாதிரி, ரத்தம் கசியாம இருக்குறதுக்குத் தொடையில ஊசி போட்டு, தாய் பக்கத்துல படுக்க வச்சேன். பால் மட்டும்தான்னு மாமியார்கிட்டயும் சொல்லிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு நர்ஸுப் புள்ளை ஓடியாந்துச்சு. போயிப் பாக்குறேன், பிள்ளை நீலமா கெடக்குறான். தூக்கிட்டு ஓடுனேன். தொண்டையில குழாய விட்டு உறிஞ்சுனா தண்ணியா வருது. கையில பட்டது பிசுபிசுன்னு ஒட்டுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. என்னா குடுத்தீங்க, சொன்னாத்தானே டாக்டர் வைத்தியம் பாக்க முடியும்னு அந்தம்மாகிட்டக் கெஞ்சுனேன். ஒண்ணும் குடுக்கலன்னு சாமி மேல சத்தியம் பண்ணுனாங்க. நான் போட்ட ஊசியாலதான் பிள்ளை நீலம் பாஞ்சிருச்சுன்னு வாசல்ல நின்னு நெஞ்சுல அடிச்சுகிட்டாங்க. குழந்தை டாக்டர் வந்து மூச்சு மெஷின்ல வச்சார். என்னமோ புரையேறியிருக்கு, பாலா வேற எதுவுமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னார்.

அவ்வளவுதான். பொழுது சாயுறதுக்குள்ள சொந்தக்காரங்க வேன்ல வந்து எறங்கிட்டாங்க. கண்ணாடிய ஒடைச்சாங்க. என்னைய வெளிய அனுப்பச் சொன்னாங்க. என் பேரச் சொல்லிக் கூப்புடல. என் சாதியச் சொல்லிக் கூப்புட்டாங்க. இவங்க கையில எல்லாம் பிள்ளையக் குடுத்தா இப்புடித்தான் ஆவும்னு ஒருத்தன் கத்துனான். நான் கத்துக்குடுத்து வளத்த புள்ளைங்க எல்லாம் சுவரப் பாத்துகிட்டு நின்னுச்சுங்க.

பெரிய டாக்டர் ரூமுக்குக் கூப்புட்டார். கவனக்கொறைவா நடந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு லீவுல போ, ஊரு வாய அடைக்கணும்ல, அப்புறமாப் பாத்துக்கலாம்னார்.

“செய்யாத தப்ப எழுத மாட்டேன் சார்.”

“அப்ப உன்னைய நான் காப்பாத்த முடியாதும்மா.”

எப்பக் காப்பாத்துனீங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு வெளிய வந்தேன். நாளைக்கு விசாரணை, அதுக்கப்புறம் வேலை இருக்கிறது சந்தேகம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வார்டுக்குப் பின்னாடி, துவைச்ச துணி அடுக்குற ரூமுக்குப் போயிக் கதவச் சாத்துனேன். முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் வரல வாயில. சண்டைதான் வந்துச்சு. “ஆண்டவரே, எத்தனை பிள்ளைய இந்தக் கையில வாங்கியிருக்கேன், உமக்குத் தெரியாதா? இந்தக் கையவா தீட்டுங்குறாங்க? நீர் பாத்துகிட்டுத்தான் இருக்கீரா?” அழுது முடிச்ச பொறவு ரெண்டே ரெண்டு கேட்டேன். அந்தப் பிள்ளை பொழைக்கணும். உண்மை வெளிய வரணும். எப்புடியாவது செய்யும்னேன். அந்த எப்புடியாவதுங்குற வார்த்தைய யோசிக்காமச் சொன்னேன்.

மறுநாள் காலையில பிள்ளை தானா மூச்சு விட ஆரம்பிச்சுட்டான். குழந்தை டாக்டர்தான் வந்து சொன்னார். தரையில உக்காந்து அழுதேன். அவன் பாட்டி என்னைய என்ன சொல்லியிருந்தாலும் அவன் என் கையில வந்தவன். அவன் மேல எனக்கு என்ன கோவம்?

அன்னிக்கே விசாரணை. ஒரு பக்கம் நானும் டாக்டர்மாரும், எதிர்ல அந்தக் குடும்பம். மாமியார் அதே சத்தியத்தத் திரும்பப் பண்ணுனாங்க. அப்ப கதவத் தொறந்துகிட்டு சுகந்தி வந்துச்சு. தையல் போட்ட ஒடம்பு, சுவரப் புடிச்சுப் புடிச்சு வருது. யாரும் கூப்புடல. புருஷன் எந்திரிச்சு உள்ள போடின்னான். அது போவல.

“சிஸ்டர் மேல தப்பு இல்லீங்க சார். எங்க அத்தைதான் சேனை வச்சாங்க. சிஸ்டர் கையிலதான் பிள்ளை மொதல்ல பட்டுச்சாம், அவங்க குணம் ஒட்டிக்குமாம். நாக்குல தொட்டு வச்சாப் பத்தாதுன்னு சங்கு நெறைய ஊத்துனாங்க. வேணாம் அத்தைன்னு சொன்னேன், கேக்கல.”

நான் தலையக் குனிஞ்சுகிட்டேன். தப்பிச்சிட்டோம்னு சந்தோசம் வரணும்ல? வரல. என் கை பட்ட தோஷத்தக் கழுவத்தான் ஒரு பிள்ளைய மூச்சு முட்ட வச்சிருக்காங்க. அது நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி எறங்குச்சு. என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல. பெரிய டாக்டர், நல்லவேளை தப்பிச்சோம்னார். ஆமா, அவரும் தப்பிச்சார்.

பிள்ளை நல்லபடியா வூட்டுக்குப் போனான். எந்த வூட்டுக்கு? சுகந்திய அதோட அம்மா வூட்டுல கொண்டாந்து எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. நாலு பேரு முன்னாடி மாமியார அசிங்கப்படுத்துனவ எங்களுக்கு வேணாம்னுட்டாங்களாம்.

இந்த வருஷம் செவிலியர் தினத்தன்னிக்கு எனக்கு விருது குடுத்தாங்க. கனிவான சேவைக்காம். மேடையில எனக்காகப் பேசுனது அதே பெரிய டாக்டர்தான். கருணைன்னார், தாயுள்ளம்னார், எங்க குடும்பத்துல ஒருத்தின்னார். எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. வாங்காம எறங்கிடலாமான்னு பாத்தேன். மொத வரிசையில எங்கம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்காக வாங்கிகிட்டேன். அடுத்து நர்ஸுங்க எல்லாருக்கும் மேல கண்காணிப்புப் பொறுப்பும் குடுத்தாங்க. பொறுப்ப மட்டும் மனசார வாங்கிகிட்டேன். இப்ப எந்த வார்டுலயும் நர்ஸு மேல பழி வந்தா, மொதல்ல அவ பக்கத்துல போயி நான் நிக்கிறேன். எனக்கு யாரும் நிக்காதது போதும்.

போன மாசம் பஸ் ஏறி சுகந்தியப் பாக்கப் போனேன். பிள்ளை தவழுறான். கொழுகொழுன்னு இருக்கான். ஏம்மா சொன்ன, ஒன் வாழ்க்கையே போச்சேன்னு கேட்டேன்.

“பொய்ச் சத்தியத்துலயா என்னைய வளத்தன்னு நாளைக்கு என் பிள்ளை கேக்கக் கூடாதுல்ல சிஸ்டர்” அப்புடின்னுச்சு. அதுக்கு நம்ம வேதமும் தெரியாது, ஜெபமும் தெரியாது.

அன்பானவங்களே, எனக்கு வந்த மாதிரி கஷ்டம் யாருக்காச்சும் இருந்தா முழங்கால் போடுங்க. அவர் கேக்குறார். சண்டை போட்டுக் கேட்டாலும் கேக்குறார், நான் சாட்சி. ஆனா பதில் வந்ததும் அல்லேலூயா சொல்லிட்டு அப்புடியே வூட்டுக்குப் போயிடாதீங்க. யாரு வாய் வழியா அந்தப் பதில் வந்துச்சோ, அவங்க என்ன ஆனாங்கன்னு போயிப் பாருங்க. நான் போயிப் பாக்க எத்தனை மாசம் ஆச்சு பாருங்க.

போதகர் எனக்குச் சால்வை போடணும்னார். வேணாம் அய்யா. அந்தப் பொண்ணு பேரு சுகந்தி. புருஷன் இன்னும் வந்து பிள்ளையப் பாக்கல. இந்த வாரம் ஒவ்வொருத்தரும் உங்க ஜெபத்துல அது பேரச் சொல்லுங்க.