கோழிக்கூட்டிலிருந்து வந்த சைக்கிள்

எனக்கு மோட்டார் பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்து அந்தப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் போதும், குடல் புரண்டுவிடும். பஸ் வந்த பிறகு பினாங்குத் தீவே சுருங்கிவிட்டது என்று எல்லோரும் கொண்டாடிய முப்பதுகளில், நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பயணம் செய்தேன். தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவுக்குப் போகும் மலைச்சாலையில் எத்தனை வளைவு உண்டோ, அத்தனையிலும் என் வயிறு ஒருமுறை திரும்பிப் படுக்கும்.

போகாமல் இருந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. என் மனைவி பாலிக் புலாவில் பள்ளிக்கூட ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் ஒரே மகள் அவளோடு அங்கே. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் நான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பேச்சு அப்படித்தான். ஆனால் பஸ்ஸை நினைத்தாலே வாய் கசந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றாகி, பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

போகிற நாளிலாவது சுகம் உண்டா? வெளுத்த முகத்தோடும் புளித்த வாடையோடும் வாசலில் போய் நிற்பேன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள் என்னைப் பார்த்ததும் வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். கையை நீட்டினால் அலறல் இன்னும் கூடும். நான் கிளம்பும் நேரத்துக்குத்தான் கொஞ்சம் அடங்குவாள்.

ஒருநாள் என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“புள்ளைக்கு நீங்க யாருன்னே தெரியலங்க. தினமும் ரோட்டக் காட்டி ‘அப்பா வருவாரு, அப்பா வருவாரு’ன்னுதான் சொல்றேன். அவளுக்கு அப்பான்னா அந்த ரோடுன்னு நெனப்பு.”

சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபத்தில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் வாந்திகூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

நான் தினமும் சாப்பிட்டது ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் நடத்திய சாப்பாட்டுக் கடையில். கடைக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு. அதற்குள் கோழிகள் ஏறி உட்கார ஏதோ இரும்பைக் குறுக்கே செருகியிருந்தார்கள். மறுநாள் கை கழுவப் போனவன், மனம் எங்கோ இருக்க, அதையே வெறித்துக்கொண்டு நின்றேன். அந்த இரும்புக்கு ஒரு கழுத்து இருந்தது. கழுத்தின் முனையில் கிடாக்கொம்பு போலக் கீழே வளைந்த கைப்பிடி இருந்தது.

“அண்ணே! இது ரேஸ் சைக்கிள்!”

அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “சைக்கிளா? அது கோழி ஏறுற கம்பிலா. முன்னால கடை வச்சிருந்தவரு போட்டுட்டுப் போனது. வேணும்னா எடுத்துக்க தம்பி. ஆனா கோழிக்கு வேற கம்பு வெட்டிக் குடுத்துரணும், ஆமா.”

ஏன் புதிது வாங்கவில்லை என்று கேட்பீர்கள். அப்போது கடையில் விற்ற வண்டிகள் எருமைக் கனம். அவற்றை அந்த மலையில் தள்ளிக்கொண்டு ஏற எனக்கு உடம்பு கிடையாது. இதையோ ஒரு கையால் தூக்கிவிட்டேன். அப்போதே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டால் நேரே கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவேன். மண்ணெண்ணெயும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். கோழி எச்சத்துக்கு அடியில் துரு, துருவுக்கு அடியில் பச்சை வர்ணம், அதன்மேல் மயிரிழையாக ஒரு பொன் கோடு. யார் ஓட்டியிருப்பார்கள்? இடது கைப்பிடி மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஒற்றைக் கையால் ஓட்டினவனா? வலது கையில் என்ன வைத்திருந்தான்? குடையா, கோழியா? விடை சொல்ல ஆளில்லை. பழைய இடத்தைத் தேடி வந்த கோழி ஒன்று மட்டும் என் முதுகில் ஏறப் பார்த்தது.

அந்த வண்டியின் சூட்சுமம் பின்சக்கரத்தில் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகும். காலைச் சும்மா வைக்க வழியில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலைக் காலால் பின்னோக்கி அழுத்தி எதிர்க்க வேண்டும். அதுதான் பிரேக். வாலிபத்தில் நான் இரவல் வாங்கி, பட்டணத்துச் சமதரையில் ஓட்டிப் பழகியதெல்லாம் இப்படிப்பட்ட வண்டிதான். ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது அது காலைப் பிய்த்துவிடும். அதனால் புது ரிம், புது டயர், ரிம்மைப் பிடிக்கும் கைப்பிரேக், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஃப்ரீவீல் போடுவது என்று முடிவு செய்தேன். ஃப்ரீவீல் இருந்தால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், கால் தன்பாட்டுக்கு ஓய்வெடுக்கும்.

பழைய பல்சக்கரத்தைக் கழற்றப் போனால், அதை இறுக்கியிருந்த வளையம் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். அண்ணன் தன் பங்குக்குக் கொதிநீர் ஊற்றினார். வாயில் வந்த வசவையெல்லாம் அதன்மேல் கொட்டிவிட்டு, கடைசியில் எரிச்சலில் எதிர்ப்பக்கம் ஓர் அடி கொடுத்தேன். சுற்றிக்கொண்டு வந்துவிட்டது! அட, இதுவரை நான் அதை இறுக்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன்! ஏன் இப்படித் தலைகீழாக மரை வெட்டினான் என்று யோசித்தபடி சோற்றைப் பிசைந்தவனுக்கு, பாதிச் சாப்பாட்டில் விளங்கியது. காலைப் பின்னோக்கி அழுத்தும்போதெல்லாம் பல்சக்கரம் கழன்று வரப் பார்க்கும். எதிர் மரை வளையம் அப்போது இன்னும் இறுகி அதைத் தடுக்கும். எவனோ எங்கோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறான். எச்சில் கையோடு எழுந்து போய் அந்த வளையத்தை மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன்.

புது சாமான்களைச் சீனர் சைக்கிள் கடையில் வாங்கினேன். கடை முதலாளியான தவுக்கே ஃப்ரீவீலை என் கையில் வைத்து, “ஜாங்கான் புக்கா” என்று விரலை ஆட்டினார். திறக்காதே என்கிறார். அவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திறந்திருக்கவே மாட்டேன்.

அதைப் பின்னோக்கிச் சுற்றினால் டிக், டிக், டிக் என்றது. முன்னோக்கிச் சுற்றினால் கப்பென்று பிடித்துக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது? அன்றைக்கே அண்ணனின் பின்கட்டில் உட்கார்ந்து திறந்துவிட்டேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டுகள் பொலபொலவென்று கொட்டித் தரையெல்லாம் ஓடின. கோழிகள் தீனி என்று ஓடி வந்தன.

“ஏ ஏ ஏ! சூ! போ!” என்று நான் கூத்தாடினேன். ஒரு சிவப்புப் பெட்டை நிதானமாக ஒரு குண்டை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “விடு தம்பி. அத அறுக்குற அன்னைக்கி ஒன் குண்டு கெடைச்சிரும்லா!”

குண்டு போனால் போகட்டும், உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டேன். நகம் அளவில் இரண்டு நாக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் முடி போல ஒரு வில். முன்னோக்கி மிதித்தால் நாக்கு பல்லில் முட்டிச் சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் நாக்கு மடங்கிப் பற்களின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு டிக். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுதானா என்று அதைப் பார்த்துப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தேன். தவுக்கே தலையில் அடித்துக்கொண்டு வேறு குண்டுகள் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். ஏற்றத்தில் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் உச்சிக்குப் போனேன். பஸ் ஒன்று என்னைக் கடந்து போனது. அதைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பிறகு இறக்கம். காலை நிறுத்தினேன். சக்கரம் டிக்டிக்கென்று பாடிக்கொண்டு தானாகவே ஓடியது. டுரியான் தோட்டங்களும் ஜாதிக்காய் மரங்களும் இரண்டு பக்கமும் பறந்தன. வயிறு குழந்தையைப் போல அமைதியாகத் தூங்கியது. அட, இதுவல்லவா பயணம்!

வேகம் கூடியதும் அடக்கலாம் என்று காலைப் பின்னோக்கி அழுத்தினேன். பெடல் வெறுமனே பின்னால் சுற்றியது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் சும்மா சுற்றியது. இத்தனை பாடுபட்டு உள்ளே இருந்த நாக்கைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான். பின்னால் அழுத்தினால் இனி வண்டி அடங்காது என்பது என் காலுக்கு மட்டும் தெரியவில்லை. வலது கைக்குப் பக்கத்திலேயே புது பிரேக் இருந்தது. கால்தான் பைத்தியம் பிடித்ததுபோலப் பின்னால் மிதித்துக்கொண்டிருந்ததே தவிர, கைக்கு அந்த ஞாபகமே வரவில்லை. “ஏசுவே!” என்று கத்திக்கொண்டு வளைவில் சாலையை விட்டிறங்கி, ஒரு வீட்டு முற்றத்தில் பாய்மேல் காயப்போட்டிருந்த ஜாதிக்காய்க்குள் போய் விழுந்தேன்.

அந்த வீட்டு மலாய்க்கார அம்மா என் எலும்பு ஒடியவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு வைதாள் பாருங்கள், அப்படி ஒரு வசவு! சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பாயில் போட்டு முடிக்கும்வரை விடவில்லை.

முழங்கை சிராய்ந்து, சட்டை கிழிந்து, தலையெல்லாம் ஜாதிபத்திரியோடு நான் வீட்டு வாசலில் போய் நின்றபோது மனைவி பதறிவிட்டாள்.

“ஐயோ, பஸ் கவுந்துருச்சா?”

மகள் வழக்கம்போல முந்தானைக்குள் போய்விட்டாள். இன்றும் இவ்வளவுதானா என்று மனம் விட்டுப்போயிற்று. சுவரில் சாத்துவதற்காக வண்டியைத் தள்ளினேன். டிக், டிக், டிக். முந்தானை விலகியது. ஒரு கண் தெரிந்தது. நான் மூச்சுகூட விடாமல் குந்தி உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றினேன். அவள் தத்தித் தத்தி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தாள். பிறகு தானே பெடலைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். டிக் என்றது. சக்கரத்தைக் காட்டி, “அப்பா” என்றாள்.

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரோட்டுல இருந்து சக்கரத்துக்கு வந்துட்டா. இனிமே ஒங்க கிட்டத்தான்.”

அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. சந்து முனையில் டிக்டிக் கேட்டதும் மகள் ஓடி வருவாள், நேரே சக்கரத்துக்கு. நான் அதைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள், அவ்வளவுதான். பொறாமையாகத்தான் இருந்தது, இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் பின்சக்கரத்துக் கம்பிகள் முறிந்து வண்டி தவுக்கே கடையில் கிடந்தது. இந்த வாரம் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். குடல் வெளியே வராத குறைதான். வெளுத்த முகமும் புளித்த சட்டையுமாகப் பழையபடி வாசலில் போய் நின்றேன்.

மகள் கதவருகே நின்று எனக்குப் பின்னால் பார்த்தாள். சக்கரம் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். இதோ கத்தப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, பெடலைச் சுற்றுவதுபோல மெல்லப் பின்னோக்கிச் சுற்றிவிட்டுக் காத்திருந்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாக்கை மடித்து, “டிக், டிக்” என்றேன்.

“அப்பா” என்று சொல்லி, அந்த வாடையோடேயே என் தோளில் ஏறிக்கொண்டாள்.