தெப்பத்து இன்ஜினுக்கு வைத்த பொட்டு

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் கிராமத்தில், போன தை மாதம், தெப்பத் திருவிழா அன்று நடந்தது இது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் குளத்தில் போதுமான தண்ணீர் நிற்காததால் தெப்பம் ஓடவில்லை. இந்த முறை படித்துறையில் நான்கே படிதான் வெளியே தெரிந்தது. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. தெப்பத்துக்குக் கட்டிய காலிப் பீப்பாய்களையும் சீரியல் பல்புச் சரங்களையும்கூட எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சாதாரண ஜெனரேட்டரைத் தெப்பத்தில் ஏற்றினால் நாதஸ்வரம் காதில் விழாது. அதன் புகைக்குழாய்ச் சூட்டில் சோடித்த துணியும் காகிதமும் பற்றிக்கொள்ளுமோ என்று எனக்குக் கவலை வேறு. அதனால் என் தங்கையின் கணவர், பழைய மீன்பிடி விசைப்படகிலிருந்து கழற்றிய ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் கடற்கரை ஊர்க்காரர், மீனவர் குடும்பம். படகு ஜெனரேட்டர் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்கும். பிறகு அந்தத் தண்ணீர் புகையோடு கலந்து ரப்பர் குழாய் வழியாகக் குளத்திலேயே போய் விழும். சூடு இல்லை, சத்தமும் குறைவு. தெப்பத்தின் நடுவே பலகையை அறுத்து, இரும்புத் தொட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் இன்ஜினை இறக்கினார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அது உட்கார்ந்துகொண்டது. பலகைக்கு மேலே தெரிந்தது, அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று மட்டும், கொக்கின் கழுத்து மாதிரி.

விழாக் கமிட்டியில் மூத்தவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை.

"மீன் கவிச்சி பட்ட இன்ஜினு. சாமி உக்கார்ற எடத்துக்கு அடியில அதை வைக்கலாமா சார்?" என்று என்னிடம் கேட்டார். பூசை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று வழி சொன்னவரும் அவரேதான். கூடவே ஒரு நிபந்தனை. "உங்க மாப்பிள்ளை ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு எறங்கிடட்டும். தெப்பத்துல கூட வர வேணாம்."

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சிரித்தார். "விடுங்க மச்சான். கரையில நின்னாத்தான் முழுத் தெப்பமும் தெரியும்." ஆனால் திருவிழா அன்று காலை பூசை நடந்தபோது அவர் படித்துறைப் பக்கமே வரவில்லை. எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெரியவரே தட்டைப் பிடித்து இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பதினொரு பொட்டு, எண்ணினேன். பூசை முடிந்தபின் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். அவர் எதையும் நிமிர்ந்து பார்க்காமல் அதைச் செய்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பல்பெல்லாம் எரிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் அசையவில்லை. ஒருவர் இன்னொரு முறை திருப்பக் கையை நீட்ட, மாப்பிள்ளை பாய்ந்து தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க. உள்ள தண்ணி ஏறியிருக்கு. திருப்புனா பிஸ்டன் ராடு வளைஞ்சிரும், அப்பறம் இந்த இன்ஜின் எதுக்கும் ஆவாது."

அதற்குள் கரையில் பேச்சு எழும்பிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன். சாமி ஒத்துக்கல" என்றார் பெரியவர். முகூர்த்த நாள் என்பதால் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வேறு ஜெனரேட்டரும் இல்லை. தெப்பம் இருட்டில் நின்றால், அந்தப் பழி முழுக்க ஒரே ஒருவர் தலையில்தான் விழும். அவர் தொட்டிக்குள் குனிந்து இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்ஜினைக் கையால் சுற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? பம்பைப் பிரித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. புகைக்குழாயில் விரிசல் இல்லை. அது குளத்துக்குள் திறக்கும் முனையில் இருந்த ரப்பர் மூடியும் கிழியவில்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"மச்சான், நீங்க கேள்வி கேக்கறத நிறுத்துனா இன்ஜின் தானா ஓடும்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை. முந்தாநாள் ஓட்டிப் பாத்துட்டு நிறுத்துனப்ப, இந்தக் கொக்குக் கழுத்துலேர்ந்து உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. இன்னைக்குக் காலையில வரலையே?"

அவர் கை நின்றது. எழுந்து வந்து அந்தக் குழாயின் உச்சியைப் பார்த்தார். அங்கே வட்டமாக, வெயிலில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

பொட்டுக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருந்தது. வரப்பைத் தாண்டி டியூப் போட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால், தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு ஓடும் இல்லையா? இன்ஜின் நின்றதும் அப்படி இழுக்காமலிருக்க, அந்தத் துளை காற்றை உள்ளே விட வேண்டும். அடைத்துவிட்டால், நின்ற இன்ஜினுக்குள் குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

"நான் போய் அவருகிட்ட சொல்றேன்" என்று கிளம்பினேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். சந்தனத்தைக் குத்தம் சொன்னா, ஊரு என்னையத்தான் குத்தம் சொல்லும்."

ஈர்க்குச்சியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். ஊதிப் பார்த்தார். பிறகு தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, துளைக்கு இரண்டு விரல் கீழே அவரே ஒரு பொட்டு வைத்தார்.

உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் வடித்து, ஆயில் மாற்றி, பொழுது சாயும் நேரத்தில் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, பிறகு ஓடியது. ரப்பர் குழாய் குளத்தில் தண்ணீரைத் துப்ப ஆரம்பித்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பெரியவர் படியிறங்கித் தெப்பத்துக்கு வந்தார். "என்னதான் கோளாறு?"

"மூச்சு அடைச்சிருந்துச்சுங்க" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் குழாயைப் பார்த்தார். இடம் மாறிய பொட்டையும், உச்சியில் ஈர்க்குச்சி கிழித்திருந்த கீறலையும் பார்த்தார்.

"மறுபடி அடைச்சா?"

"பக்கத்துல ஆளு இருந்தாப் பாத்துக்கலாங்க."

"அப்பச் சட்டையக் கழட்டிட்டு ஏறுங்க. நேரமாவுது."

தெப்பம் நகர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில், நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், வெற்று மார்போடு அவர் அந்தக் குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கரையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. மூன்று சுற்று வந்ததாகச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை.

காலையில் அவரையும் பூசையில் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டிருந்தால், சந்தனம் காயும் முன்பே துடைத்திருப்பார். பதினொரு பொட்டை எண்ணிய நான் அங்கே இல்லாத அந்த ஒருவரை எண்ணவில்லை; அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்தில் போய் நின்றாலும், வந்தவர்களை எண்ணுவதற்கு முன்னால் யார் வரவில்லை என்றுதான் என் கண் தேடுகிறது.