ஏணியில் ஆறாம் படி

சீதேவிப்பிள்ளை களவெட்டியில் கால் வைத்த முதல் வருஷம் வயல் வட்டை முழுக்க அதுதான் பேச்சு. நெல் அளக்கிற இடத்துக்குப் பெண்பிள்ளை போகக் கூடாது, போனால் பூதம் நெல்லை அள்ளிவிடும் என்பது படுவான்கரையில் எல்லோரும் அறிந்த கட்டு. அவள் புருசன் கனகசிங்கத்தைத் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் ஆமிக்காரர் ரோட்டில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. ஆறு வருஷம் பொட்டோடு காத்திருந்தாள். ஏழாம் வருஷம் யாரும் சொல்லாமல் தானே அழித்தாள். அளக்க வீட்டில் வேறு ஆண் கிடையாது.

"பூதம் வந்து அள்ளும் எண்டா அள்ளட்டும். பூதத்துக்கு மட்டும்தான் பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு நெல் அளக்கிற மரைக்காலைக் கையில் எடுத்தாள்.

அந்த ஒரு கட்டை உடைத்தவள் மற்றக் கட்டுகளை ஆண்களைவிட இறுக்கமாகப் பிடித்தாள். களவெட்டிக்குள் நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை, குறைவு, முடிந்தது என்ற பேச்சு வாயில் வரக் கூடாது. முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று தொடங்க வேண்டும். குறைத்துப் பேசினால் பொலி குறைந்துவிடும். கூலிக்கு வந்தவன் ஒருவன் "தண்ணி முடிஞ்சு போச்சு" என்று வாய் தவறிச் சொன்னதற்கு, அவனை வரம்பில் நிறுத்தி அவள் கிழித்த கிழி இன்னும் ஊரில் கதையாக ஓடுகிறது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பங்குனியில், அவள் பொலி அளந்துகொண்டு நின்ற நேரம் பார்த்துத்தான் நல்லரத்தினம் வரம்பால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஆற்றுக்கு அக்கரையில், நாவற்குடாவில் இருந்த ஓர் உதவி நிறுவனத்தில் வேலை. நாற்பது வயது, நல்ல மனம், வெயிலுக்குப் பழகாத முகம்.

"செருப்பக் கழட்டிப்போட்டு வா மனே."

கழற்றிவிட்டு வந்தான். கையில் ஒரு கட்டுப் படிவம். ஒவ்வொன்றிலும் ஓர் ஏணி கீறியிருந்தது.

"அம்மா, ஒரே ஒரு கேள்விதான். இந்த ஏணிக்குப் பத்துப் படி. மேல் படியில நிக்கிறவருக்கு இதவிட நல்ல சீவியம் கிடையாது. கீழ்ப் படியில நிக்கிறவருக்கு இதவிடக் கெட்டது கிடையாது. நீங்க எத்தினாம் படியில நிக்கிறீங்க?"

சீதேவிப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தாள். களவெட்டிக்குள் நின்றுகொண்டு உன் குறையைச் சொல் என்கிறான்.

"பத்து."

"பத்தா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"பதினொண்டு கிடந்தா அத எழுது."

அவன் பத்தில் வட்டம் போட்டுக்கொண்டு போனான்.

ஆவணியில் உதவி கிடைத்தவர்களின் பெயர்கள் வந்தன. செய்தியைக் கொண்டு வந்தவள் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை.

"மச்சாள், ஐஞ்சுக்குக் கீழ சொன்ன ஆக்களுக்கு வீட்டுக்கு எட்டுக் கூரைத் தகரமாம். நான் ரெண்டு எண்டன், எனக்குக் கிடைச்சிட்டு. உன்ட பேர் இல்ல. பத்து எண்டு சொன்னியாமே, நீ என்ன மாளிகையிலயா இருக்காய்?"

"நீ எங்க நிண்டு சொன்னாய்?"

"குசினிக்க."

"குசினிக்க வந்து கேட்டிருந்தா நானும் வேற சொல்லியிருப்பன். களவெட்டிக்க வந்து கேட்டவனுக்குப் புத்தி எங்க போன?"

வாய் அப்படிப் பேசினாலும், உள்ளே வந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். சண்டையில் வீட்டை எரித்த பிறகு சுவர்தான் மிச்சம். மேலே இலுக்குப் புல் வேய்ந்திருந்தாள். அதுவும் உக்கி, வானம் தெரிந்தது. புல் வெட்டுகிற காட்டுக்குள் சண்டைப் பயத்தில் இப்போது யாரும் போவதில்லை. போன வருஷ மழையில் விதைநெல் ஒரு சாக்கு நனைந்து முளைத்துவிட்டது. பாதி வயலைத்தான் விதைத்தாள். இந்த வருஷமும் நனைந்தால் விதைப்பு கிடையாது. விதைப்பு இல்லாவிட்டால் வாழைச்சேனையில் மகள் வீட்டு மூலையில் போய்க் குந்த வேண்டும். மகள் அங்கே பாய்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிய, மண்முனைத்துறையில் ஆற்றைக் கடத்துகிற பாதை என்ற மிதவையில் ஏறினாள். அக்கரையில் ஆமிக்காரரின் காவல் சென்றி. அடையாள அட்டையைக் காட்டி, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டி, நாவற்குடாவுக்கு நடந்தே வந்தாள்.

அவளைக் கண்டதும் நல்லரத்தினம் எழும்பிவிட்டான்.

"அம்மா, நீங்கதானே பத்து எண்டீங்க."

"களவெட்டிக்க வேற என்ன சொல்ற? உன்ட அப்பன் வேளாண்மை செய்யல்லயா?"

"செய்தவர்தான். எனக்குத்தான் மறந்து போச்சு." புதுப் படிவம் ஒன்றை இழுத்து, குரலைத் தாழ்த்தினான். "இப்ப ரெண்டு எண்டு போடட்டா? ஆரும் கேக்க மாட்டாங்க."

தகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். சீதேவிப்பிள்ளை ஏணிப் படத்தை உற்றுப் பார்த்தாள். இரண்டாம் படி தரையோடு கிடந்தது.

"ரெண்டு எண்டா நான் அழிஞ்சு போனன் எண்டு கருத்து. நான் அழியல்ல. அந்த மனுசன ஏத்திக்கொண்டு போனவனுகளுக்கு அந்தச் சந்தோசத்த நான் குடுக்க மாட்டன். பத்தில இருந்து கழி. மனுசன் இல்லாததுக்கு மூண்டு. முழங்கால் நோவுக்கு ஒண்டு. மிச்சம் ஆறு."

"ஆறு எண்டா தகரம் இல்லம்மா. கூரைக்கும் கொஞ்சம் கழிக்கலாமே?"

"கூரைக்கு ஒண்டும் கழிக்காத. ஒழுகினா நனையிறது நெல்லு. என்ட மனசு இல்ல."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பொறுப்பாளர் புஸ்பம் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"அம்மா, நாங்க அளக்கிறது ஆக்கள்ற திருப்தியத்தான். கூரைய இல்ல."

"அப்ப திருப்தி இல்லாத ஆக்களுக்குத் திருப்தியக் குடுங்க மகள். தகரத்த என்னத்துக்குக் குடுக்கிறீங்க?"

நல்லரத்தினம் இருமுவதுபோல வாயைப் பொத்தினான். புஸ்பத்துக்கு முகம் சிவந்தது.

"படிவத்தில கூரைக்கு இடமில்லையே."

"பின்பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு. கடைசிப் பாதை அஞ்சு மணிக்கு. அதுக்கு வெளிக்கிடுற நேரம்வரைக்கும் இந்த வாங்குப் பலகையில குந்தியிருக்கன். யோசியுங்க."

இருந்தாள். கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள், சீனி காணாது என்றாள், இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினாள். வந்து போனவர்களெல்லாம் அவளைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. மூன்றரை மணிக்குப் புஸ்பம் வெளியே வந்து, அவள் பக்கத்தில் அமர்ந்து, படிவத்தைத் திருப்பிப் போட்டாள்.

"எங்கெங்க ஒழுகுது எண்டு சொல்லுங்க."

சீதேவிப்பிள்ளை சொன்னாள். விதைநெல் சாக்குக்கு மேலே உள்ள ஓட்டையை முதலில் சொன்னாள். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. பின்பக்கம் நிறைந்தது. முன்பக்கத்தில் ஆறு ஆறாகவே இருந்தது. புஸ்பம் கீழே கையெழுத்துப் போட்டாள்.

தகரத்தைச் சைக்கிளில் கட்டித் துறைவரை தள்ளி வந்தவன் நல்லரத்தினம். சென்றியில் ஒரு சிப்பாய் மறித்தான்.

"எத்தினை? எண்ணு."

சீதேவிப்பிள்ளை குனிந்து ஒவ்வொன்றாய்த் தட்டினாள். "லாபம், ரெண்டு, மூண்டு..." சிப்பாய்க்கு விளங்கவில்லை. எட்டு வந்ததும் எழுதிக்கொண்டு கையை அசைத்தான்.

பாதையில் தகரத்தை ஏற்றிவிட்டு நல்லரத்தினம் கேட்டான்: "அம்மா, இப்ப எத்தினாம் படி?"

"ஆறுதான். தகரத்துக்கு ஒண்டும் கூட்டிப் போடாத. மறுகா வந்தா களவெட்டிக்கு வெளிய நிண்டு கேள்."

ஆற்றில் காற்று எழும்பியிருந்தது. தகரத்தின் நுனி படபடத்தது. அவள் ஏறி அதன்மேல் சம்மணம் போட்டு இருந்துகொண்டாள், அக்கரை வரும்வரைக்கும்.