பதினான்காவது சிறகுக் குழந்தை

"அண்ணாந்து பாக்காதீங்க, கழுத்து பிடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே, வந்தவரின் முழங்கையைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்துகிறார் வழிகாட்டி யர்மிலா. கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் திணிக்கிறார். "இதுல குனிஞ்சு பாருங்க. ஊதல் வச்சிருக்கான் பாத்தீங்களா, அவன்தான் எங்க தபால்காரர்."

செக் நாட்டின் மொராவியப் பகுதியில், இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட எங்கள் ஊர் அரண்மனையில் கூரை ஓவியம் பார்க்கும் முறை இதுதான். மேகங்களுக்கு நடுவே பதினான்கு சிறகுக் குழந்தைகள். பிரபுக்கள் இருநூறு ஆண்டுகள் நடனமாடிய அந்த மண்டபத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசாங்கம் பிரசவ விடுதி நடத்தியது. வலியில் மல்லாந்து கிடந்த எங்கள் தாய்மார்களுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை. ஆகவே ஊரில் ஐம்பதைத் தாண்டிய எவரும், வீட்டு எண் சொல்வதுபோல, தாம் பிறந்த கட்டிலுக்கு நேர் மேலிருந்த சிறகுக் குழந்தையைச் சொல்வார். எனக்கு வாய்த்தது முதுகைக் காட்டிக்கொண்டிருப்பது.

யர்மிலாவின் தாயார் அங்கே மருத்துவச்சி. யார் எந்தக் கட்டிலில் பிறந்தார், அவர் தாய் எவ்வளவு அலறினார் என்பதெல்லாம் மகளுக்கு மனப்பாடம். அருங்காட்சியகம் அச்சிட்ட குறிப்பில் பிரபு வம்சத்துக்கு ஐந்து பக்கம், விடுதிக்கு ஒரு வரி. யர்மிலா அதை அப்படியே பின்பற்றுகிறார், தலைகீழாக. பிரபுக்களை அவருக்கு ஆகாது. ஆனால் அரண்மனையைக் கட்டியவரின் படத்தைத் துடைக்கும்போது "மன்னிக்கணும் ஐயா" என்பார். பிறகு நம் பக்கம் திரும்பி, "பாவம், கட்டுனதெல்லாம் இவருதான். இங்க பொறக்கத்தான் குடுத்து வைக்கல."

சென்ற மாதம் வம்பு வந்தது. அருங்காட்சியகத்தின் புதிய தலைவர் ஹவ்ரானெக் கைக்குழந்தையாக இந்த ஊரை விட்டு பிராக் போனவர். காகிதத்திலிருந்து தலை நிமிராதவர். அவர் பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கண்டெடுத்தார். ஓவியர் வரைந்தது பதிமூன்றுதானாம். 1955இல், கூரையின் மழைக்கறை பேய்முகம்போல இருக்கிறதென்று கர்ப்பிணிகள் முறையிட, வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் குபாத் அதன்மேல் ஒன்றை வரைந்து வைத்தார். அந்தக் குழந்தைக்கு வலது காலில் ஆறு விரல். அதன் கீழ்தான் யர்மிலா பிறந்தார்.

"அது பரோக் காலத்துப் பழைய ஓவியம் இல்லம்மா. கூலிக்கு ஒரு பெயிண்டர் வரைஞ்சது. எடுத்துடப் போறோம்."

"மத்த பதிமூணையும் சும்மாவா வரைஞ்சு குடுத்தாங்க?"

"இது நடுவுல வந்து சேர்ந்தது."

"நானும் நடுவுல வந்தவதான் சார். என்னையும் சுரண்டிடுவீங்களோ?"

நேற்று சாரம் கட்டி முடிந்தது. கையெழுத்திட வேண்டிய உத்தரவும் பேனாவுமாக வந்தார் ஹவ்ரானெக். மெழுகிட்ட தரைக்குத் தலைவரும் ஒன்றுதான். ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்பை நீட்டினார் யர்மிலா.

"சார் அறுபத்தெட்டு, பிப்ரவரிதானே?"

"ஆமா. ஏன்?"

"கணப்படுப்புப் பக்கத்துக் கட்டில். உங்கம்மா கத்துன கத்துல எங்கம்மாவுக்கு ரெண்டு நாள் காது கேக்கல."

முழங்கையைப் பிடித்தார். இரண்டடி இடப்பக்கம். உத்தரவைத் தான் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கொடுத்தார்.

தலைவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அம்மா ஆறு விரல்னு சொல்லிட்டே இருப்பாங்க," என்றார் கண்ணாடியிடம். "மயக்கத்துல பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

யர்மிலா அவரது மறுகையிலிருந்த பேனாவை மெல்ல உருவினார், மூடினார், தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற அடுத்தவருக்குச் செருப்பு எடுக்கக் குனிந்தார்.