மண்ணுல நடக்கூடாத செடி

விருத்தாசலத்துல மீன்தொட்டிக் கடை வச்சிருக்கிற அந்த ஆளை நெனச்சா எனக்கு இன்னிக்கும் கோவந்தான் வருது. ஒல்லியான ஆளு. முழங்கை வரைக்கும் எப்பவும் ஈரம். பேசும்போது நம்ம மொகத்தைப் பாக்க மாட்டார், தொட்டியையே பாத்துக்கிட்டு இருப்பார்.

பிளாஸ்டிக் செடி குத்தி எங்க வூட்டு மீனுக்கு வாலு கிழிஞ்சு போச்சு. அதனால உசுருள்ள செடி கேட்டுப் போனேன். ஏதோ இங்கிலீஷ் பேரு சொல்லி ஒண்ணு குடுத்தார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா, அது பாட்டுக்கு வளரும்"னார். நான் காலமெல்லாம் வயல்ல நடவு நட்டவ. செடின்னா நடணும்னுதான் எனக்குத் தெரியும். தொட்டி மணல்ல நல்லா அழுத்தி நட்டு வச்சேன். பத்தே நாள்ல தண்டு அழுகிப் போச்சு.

அதைக் கொண்டுபோய்க் காட்டி, மணல்ல நட்டதைச் சொன்னேன். கடையில நாலு பேரு நின்னாங்க.

"நெல்லு நாத்துன்னு நெனச்சிட்டீங்களா? அறுப்பு எப்ப?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு.

ஆனா சிரிச்சுக்கிட்டே அழுகினதைக் கிள்ளிப் போட்டார். மிச்சமிருந்த துளியூண்டு தண்டை, அந்த ஊரு பீங்கான் கம்பெனியில கழிச்சுப் போட்ட உடைசல் துண்டு ஒண்ணு மேல வச்சு, நூலால பதமா கட்டினார். "இது கல்லைப் புடிச்சு வளர்றதும்மா. மண்ணுல பொதைச்சா செத்துடும்."

நாலு பேரு முன்னாடி எனக்குப் பேச்சே வராது. அன்னிக்கு வந்துடுச்சு. "இதை விக்கிறப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சொன்னா யாரும்மா கேக்கறாங்க?"

செடி இப்ப புது இலை விட்டிருக்குது. அவ்வளவு பதமான கை இருக்கிற மனுசன், நான் கேக்க மாட்டேன்னு எதை வச்சு முடிவு பண்ணாருன்னுதான் எனக்கு வெளங்கல.