பாட்டு முடிந்த பிறகும் கேட்ட சத்தம்

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது போன வருடக் குளிர்காலத்தில், மொன்றியலில். இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. அந்தக் காலத்துப் பெரிய கறுப்புத் தட்டுகள்தான், இப்போது திரும்பவும் விற்பனையாகின்றன. இயந்திரத்திலிருந்து வரும் தட்டுகளில் நூற்றுக்கு ஒன்றை எடுத்து, ஹெட்போன் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. கூச்சக்காரனான எனக்குப் பிடித்த வேலை.

அந்த வாரம் வந்தது புளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசை வாசிக்கும் ஒரு குழுவின் புதுத் தட்டு. பான்ஜோ, பிடில், மண்டலின் என்று எல்லாமே தந்தி வாத்தியங்கள். மேளமே கிடையாது. பரிசுகள் வாங்கிய பெரிய குழுவாம். மொழி விளங்காவிட்டாலும் அந்தப் பிடிலில் என் மனம் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பாட்டில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அடுத்து எடுத்த தட்டிலும் அதே இடத்தில் அதே சத்தம். அச்சில் கீறல் விழுந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். பாட்டின் நடுவில் பத்து விநாடி கேட்டார்.

"தம்பி, இது மேளம் இல்லாத பாட்டு. காலாலை தாளம் போடுறாங்கள். அஞ்சாம் வகுப்புக் காதுக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? இதுக்குப் போய் மெசினை நிப்பாட்டச் சொல்லுறியோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் முன் உள்ள இடைவெளியிலும் அந்தச் சத்தம் கேட்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான் ஒதுக்கி வைத்த தட்டுகளையும் அவரே பெட்டியில் போட்டு அனுப்பினார்.

ஒரு மாதத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே அந்தக் குழுவில் பிடில் வாசிக்கும் பெண்ணும் வந்தார். முதலாளி என்னையும் மேற்பார்வையாளரையும் கூப்பிட்டார். மேற்பார்வையாளர் என் பக்கம் கையை நீட்டி, கேட்டுப் பார்ப்பது இவன் வேலை, இவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். என் வேலை போகப் போகிறது என்பதும் விளங்கியது.

அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. அந்தத் தட்டை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு முடிந்தது. டக், டக். மேற்பார்வையாளரைக் கையால் காட்டி, என் சப்பாத்துக் காலால் தரையில் ஓங்கி மிதித்தேன்.

"இவர்தான் கால் எண்டு சொன்னவர்! சான்சோன் ஃபினி, பியே ஃபினி!"

பாட்டு முடிந்தால் காலும் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு வந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. தன் காலைப் பார்த்தார். பதிவு செய்யும்போது கால் சத்தம் விழக்கூடாது என்று அவர்கள் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார்களாம்.

முதலாளி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். தெரிந்தும் ஏன் விட்டாய்? நான் தட்டை எடுத்து உறைக்குள் போட்டேன்.

வேலை போகவில்லை. மேற்பார்வையாளர் வேலையும் போகவில்லை. மறுநாள் உடுப்பு மாற்றும் இடத்தில் என்னை மறித்தார்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப் போட்டாய். எங்கடை ஆக்களே எங்கடை ஆக்களுக்குக் குழி பறிக்கிறது."

"இல்லை அண்ணை" என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் 'இல்லை' அது.

அவர் சொன்ன பொய்யை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது. ஆனால் அதைவிடக் கோபம், விடை தெரிந்திருந்தும் நான் சொன்ன அந்த "ஓம் அண்ணை"மேல்தான். வீடு அமைதியாக இருக்கும்போதெல்லாம் அது எனக்குக் கேட்கிறது.

எழுதி முடித்தது: பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.