மயில் வாலில் என் கட்டைவிரல்

எங்கள் பீங்கான் கம்பெனியில் கப்புக்குப் படம் ஒட்டுகிற மேசையில் முதல் நாற்காலி என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை; உட்கார்ந்து உட்கார்ந்து நானே என்னுடையதாக்கிக்கொண்டேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கையெழுத்துப் போடவே நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். அதுவரை பேங்கில் கைநாட்டு. முதல் தடவை கையெழுத்துப் போட்ட அன்று மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டேன். கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இன்னொரு தாள் கொடுத்தார்கள். என் பெருமை அந்த அளவு.

கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுக்க, கடைப் பெயர் போட்ட கப்பு கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோக் கடையில் மிஷினில் வைத்து அமுக்கி, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படத்தோடு கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் வேலை அப்படி இல்லை. படம் அச்சடித்த தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் படம் மட்டும் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கப்பின் மேல் நகர்த்தி உட்காரவைத்து, அடியில் தங்கிய தண்ணீரையும் காற்றையும் ரப்பர் துண்டால் தள்ளி எடுத்து, காயவைத்து, சூளையில் வேகவைக்க வேண்டும். வெந்த பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி சொல்வேன்.

மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றுக்கு மயில் படம் போட்ட கப்பு செய்தோம். மற்ற கடைகளுக்கெல்லாம் முன்பக்கம் சின்னதாக ஒரு படம், அவ்வளவுதான். இந்த மயிலின் வால் கப்பைச் சுற்றிக்கொண்டு கைப்பிடி வரைக்கும் போனது. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தி தாளை ஊறவைத்துக் கொடுத்தாள், நான் ஒட்டினேன். அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தன் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சாப்பிடும்போது ஒருநாள் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை சூளையைத் திறந்தார்கள். அநேகமாக எல்லாக் கப்பிலும் மயில் வாலில் ஒரே இடத்தில் வண்ணம் கொப்பளித்து, உரிந்து, குழிகுழியாக இருந்தது. சூப்பர்வைசர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

“என்னாங்க பெரியம்மா, மயிலுக்கு அம்ம போட்டுடுச்சா?”

“நான் ஒட்டுனப்ப கண்ணாடியாட்டம் இருந்துச்சு தம்பி. தாளு சரியா ஊறல. ஊறாத தாள யாரு ஒட்டுனாலும் இப்படித்தான் வரும்.”

“நீங்க சொன்ன மாதிரிதான ஊறவச்சேன் பெரியம்மா” என்றாள் அந்தப் பெண்.

“நான் சொன்னத நீ காதுல வாங்குனியா?”

அவர் கொஞ்ச நேரம் கப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், “திங்கக்கெழமையிலேர்ந்து நீ வர வேணாம்மா. வேற ஆளு பாத்துக்கறோம்” என்றார். நான் என்ன செய்தேன் என்றால், அடுத்து வருகிறவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாலு மணிக்கு டீ வந்தது. தேறாத கப்பில்தான் நாங்கள் டீ குடிப்பது; அன்று மயில் கப்பு. வலது கையில் பஜ்ஜி இருந்ததால் கப்பை இடது கையில் பிடித்தேன். கட்டைவிரல் சரியாக அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. விரலை எடுத்துப் பார்த்தேன். குழிக்கு நடுவே மட்டும் ஒரு கோடு வண்ணம் உரியாமல் சாய்வாக நின்றது. என் இடது கட்டைவிரலில், எப்போதோ கரும்பு வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு ஒன்று அதே சாய்வில் பள்ளமாக இருக்கிறது. இன்னொரு கப்பை எடுத்தேன். அதிலும் கோடு. மூன்றாவதிலும்.

எனக்கு இந்த வயதிலும் முடி அடர்த்தி. அதிலும் ஒரு பெருமை. தினமும் தேங்காயெண்ணெய் வைத்துச் சீவுவேன். நெற்றியில் விழும் முடியை இடது கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு, துடைத்து வைத்த கப்பை அதே விரலால் பிடிப்பேன். முன்பெல்லாம் கைப்பிடிப் பக்கம் படமே கிடையாது, அதனால் தப்பித்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் படம் பிடிக்காது, சூளையில் கொப்பளிக்கும் என்பதைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்வது நான்தான்.

மூன்று கப்பையும் பேக்கிங் வைக்கோலுக்குள் தள்ளினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒளிக்கத்தான் தள்ளினேன்.

அப்போது அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். “ஒங்க ரப்பர் துண்ட கழுவி வச்சிட்டேன் பெரியம்மா. போயிட்டு வரேன்.”

வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“கொஞ்சம் நில்லுடி” என்று சொல்லிவிட்டு, வைக்கோல் ஒட்டிய கப்புகளைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் முன்னால் வைத்து, குழியின் மேல் விரலை வைத்தேன். “இது என் கைநாட்டு தம்பி. விட்டு எத்தினியோ வருசம் ஆச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். தாளு நல்லாத்தான் ஊறியிருந்துச்சு. இவ மேல தப்பில்ல.”

அவர் என் விரலை இழுத்து வைத்து மூன்று கப்போடும் ஒத்துப் பார்த்தார். “மூணும் ஒரே ஆளுதான்” என்றார், போலீஸ்காரர் மாதிரி. அவளைப் பார்த்து, “திங்கக்கெழம வந்துடும்மா. எல்லாத்தையும் மறுபடி ஒட்டணும்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “வர்றப்ப தலைக்குக் குளிச்சிட்டு வாங்க பெரியம்மா. எண்ணெ வைக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போது தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் ஒட்டுகிறேன். முதல் நாற்காலி போகவில்லை. ஆனால் உட்காருவதற்கு முன்னால் அவளிடம் விரலை நீட்ட வேண்டும். ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தூக்கிப் பார்த்து, “சரி, ஒக்காருங்க” என்பாள். அந்தக் கப்பு ஒன்று சூப்பர்வைசர் மேசையில் பேனா போட்டு வைக்க இருக்கிறது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் என்னைக் கூப்பிடுவார். நானும் போய் விரலை வைத்துக் காட்டுகிறேன். அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது. அதிலும் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது.